மூன்று கட்டம் தாண்டினால்...

புதுச்சத்திரத்தில் பஸ் ஏறினால் ஒரு பக்கம் சேலம், இன்னொரு பக்கம் நாமக்கல். பெரிய ஆஸ்பத்திரி என்றால் இரண்டில் ஒரு திசை. அங்கே கோழிப்பண்ணை வைத்திருக்கும் அறுபது வயதுக்காரர் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். தீவன மூட்டையைத் தொட்டாலே மூச்சு வாங்குகிறது. ராத்திரி ஒரு தலையணை போதவில்லை. சாயங்காலமானால் கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. எக்கோ பார்த்த டாக்டர், “பம்பிங் முப்பது சதவிகிதம்தான்” என்கிறார். மாத்திரைகளைச் சில மாதம் விடாமல் சாப்பிட்டும் பெரிய மாற்றமில்லை. “பேஸ்மேக்கர் மாதிரி ஒரு கருவி வைக்கலாம்” என்று பேச்சு வருகிறது.

மகன் கேட்கிறார்: “அப்பாவுக்கு நாடி ஒழுங்காத்தானே இருக்குதுங்க, பேஸ்மேக்கர் எதுக்குங்க?”

சரியான கேள்வி. சாதாரண பேஸ்மேக்கர், நாடி மெதுவாகிப்போனவர்களுக்கு. இதய செயலிழப்பில் வைக்கும் சி.ஆர்.டி. கருவியின் வேலை வேறு. இதயம் எத்தனை முறை துடிக்கிறது என்பதல்ல அதன் கவலை. எல்லாச் சுவரும் ஒரே நேரத்தில் சுருங்குகின்றனவா என்பதுதான்.

இரண்டு பேர் சேர்ந்து மூட்டை தூக்கும்போது ஒருவர் முந்திக்கொண்டு, மற்றவர் தாமதமாகக் கை கொடுத்தால் என்ன ஆகும்? பலம் இருக்கிறது, மூட்டை எழும்பாது. இதயத்தின் மின்சாரம் மேலறையில் கிளம்பி, நடுவில் சற்றே தயங்கி, பிறகு வலது, இடது என இரண்டு கிளைகளாகக் கீழறைகளுக்குப் பாய்கிறது. இடது கிளை அடைபட்டால் நடுச்சுவர் முதலில் சுருங்கிவிடும். இடது பக்கத்து வெளிச்சுவர் பிந்திச் சுருங்கும். ரத்தம் வெளியே போவதற்குப் பதிலாக உள்ளேயே அலையும்.

இந்தத் தாமதத்தைக் காட்டிக்கொடுப்பது, யாரும் பெரிதாக மதிக்காத இசிஜி. காகிதம் நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடுகிறது. அதில் ஒரு சின்னக் கட்டம் என்பது 40 மில்லி செகண்ட். கூர்மையாக எழுந்து இறங்கும் கோட்டுக்குக் கியூ.ஆர்.எஸ். என்று பெயர். கீழறைகள் முழுவதும் மின்சாரம் பரவ எடுக்கும் நேரம் அதன் அகலம். ஆரோக்கியமான இதயத்தில் அது மூன்று கட்டத்துக்குள், அதாவது 120 மில்லி செகண்டுக்குள் முடிந்துவிடும். பம்பிங் 35 சதவிகிதம் அல்லது அதற்குக் கீழ், இடது கிளை அடைப்பு, அகலம் 150-க்கு மேல் என்று மூன்றும் சேர்ந்தவர்களுக்குத்தான் சி.ஆர்.டி. நன்றாகக் கைகொடுக்கிறது. 120-க்கும் 150-க்கும் இடையில் இருப்பவர்கள் விஷயத்தில் டாக்டர்களே யோசிப்பார்கள்.

அகலம் குறைவாக இருந்தும் வைத்துப் பார்த்தால்? பார்த்தார்கள். 2013-ல் வெளியான எக்கோ-சி.ஆர்.டி. ஆய்வு, அகலம் 130-க்குக் குறைவாக இருந்த 809 பேரைச் சேர்த்தது. அவர்களின் இதயச் சுவர்கள் முன்பின்னாகச் சுருங்குவதாக எக்கோ காட்டியிருந்தது. எல்லோருக்கும் கருவி பொருத்தி, பாதிப்பேருக்கு மட்டும் இந்த வசதியை இயக்கினார்கள். பலன் இருக்காது என்று தெரிந்ததால் ஆய்வே பாதியில் நிறுத்தப்பட்டது; இயக்கப்பட்டவர்களிடம் இறப்பும் அதிகமாக இருந்தது. விலை உயர்ந்த ஸ்கேன் சொன்னதைவிட, கட்டம் போட்ட காகிதத்தின் பேச்சே எடுபட்டது.

அந்தக் காகிதத்துக்கு வழிவகுத்தவர் ஹாலந்தின் ஐன்தோவன். நோயாளி கைகளையும் ஒரு காலையும் உப்புநீரில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். கருவியின் எடை சுமார் 270 கிலோ. அதற்கு 1924-ல் நோபல் பரிசு கிடைத்தது.

வழக்கமான சி.ஆர்.டி.யில் மூன்று ஒயர்கள் போகும். இடது பக்கத்துக்கான ஒயரை இதயத்தின் ரத்தநாளம் ஒன்றின் வழியாக வெளிச்சுவர் வரை நுழைக்க வேண்டும். நாளம் எல்லோருக்கும் வாகாக அமைந்திருக்காது. கருவி வைத்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு எதிர்பார்த்த பலன் கிடைப்பதில்லை. 2017-ல் சீனாவின் வெய்ஜியன் ஹுவாங் குழு வேறு வழி காட்டியது: நடுச்சுவருக்குள்ளேயே ஒயரைத் திருகி, அடைப்பைத் தாண்டி இடது கிளையைப் பிடிப்பது.

திருகுவதை எங்கே நிறுத்துவது? குறைந்தால் கிளை கிடைக்காது. கூடினால் சுவரைத் துளைத்துவிடும். இந்தச் சிக்கலில்தான் தமிழ்நாட்டுக்குப் பங்கு. மதுரை வேலம்மாள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் டாக்டர் சண்முகசுந்தரம் பொன்னுசாமி குழு, திருகும்போது இசிஜியில் தானாகத் தோன்றும் கூடுதல் துடிப்புகளைக் கவனித்தது. ஒயர் உள்ளே போகப்போக அவற்றின் உருவம் மாறும். குறிப்பிட்ட வடிவத் துடிப்பு ஒன்று வந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். ‘டெம்ப்ளேட் பீட்’ என்ற அந்த அடையாளத்தை 2021-ல் வெளியிட்டார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பணிபுரியும் டாக்டர் புகழேந்தி விஜயராமன் தலைமையில் 2023-ல் வந்த ஆய்வு, 1,778 பேரிடம் பழைய முறையையும் புதிய முறையையும் ஒப்பிட்டது. புதிய முறையில் கியூ.ஆர்.எஸ். இன்னும் ஒடுங்கியது, இறப்பும் மருத்துவமனை அனுமதியும் சேர்த்துப் பார்த்ததில் குறைவு. ஆனால், அது சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த ஆய்வு அல்ல. கடைசித் தீர்ப்பு இன்னும் வரவில்லை.

கருவி வைத்த பிறகும் அளவெடுப்பு ஓயாது. கிட்டத்தட்ட ஒவ்வொரு துடிப்பையும் கருவியே நடத்தினால்தான் முழுப் பலன். ‘98 சதவிகிதம் நடத்தினேன்’ என்று கருவி கணக்குக் காட்டலாம். அதில் சில, இதயம் தானாகக் கிளப்பிய துடிப்போடு கலந்து வீணாகிப்போனவையாக இருக்கும். கருவிக்கு அது தெரியாது. மறுபடியும் இசிஜிதான் கண்டுபிடிக்கும்.

ஆகவே அந்த மகன் டாக்டரிடம் கேட்க வேண்டியது, “கியூ.ஆர்.எஸ். எத்தனைங்க? இடது கிளை அடைப்பு இருக்குதுங்களா?” கூடவே அப்பாவின் பழைய இசிஜிகளையும் கொண்டுபோனால், அகலம் எப்போதிலிருந்து கூடியது என்பது தெரியும். பல இடங்களில் அது வெப்பத்தில் பதியும் காகிதம். வண்டி டேங்க் கவரில் வெயிலில் கிடந்தால் கெட்டுவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் போட்டால் அந்தச் சூட்டிலேயே மொத்தமும் கறுத்துப்போகும். எடுத்த அன்றே செல்போனில், கட்டங்கள் தெளிவாகத் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம்.