எண்களுக்குள் ஒரு தொண்டு

கணக்கில் கெட்டிக்காரியான ஒரு பெண் மேலே என்ன படிக்கலாம் என்று கேட்டால், பொறியியல் என்பார் சிலர். ஆசிரியப் பணி என்பார் சிலர். வங்கி வேலை என்பார் வேறு சிலர். ‘ஆக்சுவரி’ என்று சொல்பவர் அரிது. இருப்பதே தெரியாத வாயிலை யார்தான் தட்டுவார்?

ஆக்சுவரி என்பவர் காப்பீட்டுக் கணிப்பாளர். செழிப்பான ஏழு ஆண்டுகளில் தானியம் சேர்த்து, பஞ்சத்தின் ஏழு ஆண்டுகளில் எகிப்து மக்களைக் காத்த யோசேப்பை நாம் அறிவோம். நாளைய இடருக்கு இன்று எவ்வளவு ஒதுக்குவது என்பதே ஆக்சுவரியின் கேள்வியும். யோசேப்புக்கு இறைவன் வெளிப்படுத்தினார். இவருக்கோ கணிதமே துணை.

வால்மீன் ஒன்றுக்குத் தம் பெயரைத் தந்த எட்மண்ட் ஹாலி, 1693-இல் பிரெஸ்லௌ நகரின் பிறப்பு இறப்புக் குறிப்புகளைக் கொண்டு ஆயுள் அட்டவணை ஒன்றை வெளியிட்டார். ஒருவர் எப்போது இறப்பார் என்று எவராலும் கூற இயலாது. ஆனால் பல்லாயிரம் பேரில் ஓராண்டில் ஏறத்தாழ எத்தனை பேர் இறப்பர் என்று கணிக்கலாம். ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம் அக்கணிப்பின் மீதே நிற்கிறது. பிரீமியம் மிகக் குறைந்தால், நாளை கைம்பெண்ணுக்குக் கொடுக்கப் பணம் இராது. மிகக் கூடினால், ஏழைக் குடும்பம் பாலிசியே எடுக்க முடியாது. ஆகவே இதனைத் தொண்டு என்கிறேன்.

நம் நாட்டில் இத்தேர்வுகளை நடத்துவது இந்திய ஆக்சுவரிகள் நிறுவனம். 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை முறைப்படுத்தியது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் நுழைவுத் தேர்வு எழுதலாம். அதன்பின் புள்ளியியல், வட்டிக் கணக்கு, பொருளியல் எனப் பத்துக்கும் மேற்பட்ட தாள்கள் உண்டு.

பட்டம் பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பது சரியன்று என்பது என் கருத்து. கல்லூரியில் நிகழ்தகவு படிக்கும்போதே அதற்குரிய தாளையும் எழுதினால், ஒரே உழைப்பு இரண்டுக்கும் உதவும். அதேபோல், தாள்களை மட்டும் குவித்துக்கொண்டு அலுவலகத்தையே காணாதிருப்பதும் நன்றன்று. இரண்டொரு தாள்கள் தேறியதும், விடுமுறையில் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பயிற்சிக்குச் செல்ல வேண்டும். பாடநூலில் எல்லா விவரமும் ஒழுங்காக இருக்கும். அலுவலகத்துப் பதிவேட்டிலோ வயது தவறியிருக்கும்; ஒரு பெயரே இருமுறை வந்திருக்கும். அவற்றைச் சீர்செய்யும் பொறுமையையும், கண்டதைக் கணக்கறியாதவருக்கு எளிய சொற்களில் விளக்கும் திறனையும் வேலைதான் கற்பிக்கும்.

“பல ஆண்டுகள் ஆகுமே, தோற்றால் என்ன செய்வது, கட்டணமும் மிகுதியாயிற்றே” என்று பெற்றோர் கவலைப்படுவது நியாயமே. ஆனால் எல்லாத் தாள்களையும் ஒரே நாளில் எழுத வேண்டியதில்லை. ஒவ்வொன்றாக எழுதலாம், சில தாள்கள் தேறியதும் வேலையில் சேர்ந்து, சம்பாதித்துக்கொண்டே மற்றவற்றை முடிப்போர் பலர். பெண்ணுக்கு இத்தனை நீண்ட படிப்பு எதற்கு என்போருக்கு ஒன்று சொல்வேன்: பெண்ணின் வாழ்வும் நீண்டதுதானே!

தோழியரே, அடுத்த ஆண்டு நாம் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடினம் என்ற ஒரே காரணத்திற்காகக் கணிதத்தைக் கைவிடாதீர்கள். இறைவன் தந்த தாலந்தை மண்ணில் புதைக்காமல் பெருக்குவோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி