150 குதிரைத்திறன் போதும்

அமெரிக்காவில் பழைய சாகச விமானம் வாங்க நினைப்பவருக்கு விமானக் கொட்டகைகளில் தவறாமல் ஓர் அறிவுரை கிடைக்கும்: "300 குதிரைத்திறன் உள்ள ஒற்றை இறக்கை விமானத்துக்குப் பணம் சேரும்வரை பொறு. யாரோ வீட்டில் கட்டிய, ஒருவர் மட்டுமே உட்காரக்கூடிய, 150 குதிரைத்திறன் பிட்ஸ் எஸ்-1சி இரட்டை இறக்கை விமானத்தில் காசைக் கரியாக்காதே." அவர்கள் அடுக்கும் காரணங்களில் பாதிக்கு மேல் நிற்காது.

சக்தி போதாது என்பது முதல் காரணம். இந்த வகையை வடிவமைத்த கர்டிஸ் பிட்ஸ் 1946-இல் கட்டிய 'லிட்டில் ஸ்டிங்கர்' விமானத்தின் எஞ்சின் 85 குதிரைத்திறன்தான். அதில்தான் பெட்டி ஸ்கெல்டன் 1949, 1950 ஆண்டுகளில் பெண்கள் சாகசப் பட்டத்தை வென்றார். இன்று அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் தலைகீழாகத் தொங்குகிறது. 1972 உலகச் சாகசப் போட்டியில் சார்லி ஹில்லர்டும் மேரி கஃப்னியும் வாகை சூடியது பிட்ஸின் 180 குதிரைத்திறன் வகையான எஸ்-1எஸ்ஸில். இவ்வளவு ஏன், எஞ்சினே இல்லாத கிளைடர்களுக்கும் உலகச் சாகசப் போட்டி நடக்கிறதே! லூப் போட வேண்டியது வேகம். உயரத்தைக் கொடுத்தால் வேகம் வரும். உருளும் விரைவைத் தீர்மானிப்பவை எய்லரான்களும் இறக்கையின் நீளமும். எஸ்-1சி இறக்கை 17 அடிச் சொச்சம்தான். சக்தி குறைந்த விமானம் ஒவ்வொரு வித்தையிலும் கொஞ்சம் உயரத்தைத் தின்னும் என்பது உண்மை. ஆனால் பெரிய எஞ்சின் மூடி மறைக்கும் கைப்பிழைகளை இது அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும். போட்டிகளின் தொடக்க நிலைகளான பிரைமரி, ஸ்போர்ட்ஸ்மேன் பிரிவுகளுக்கு 150 குதிரைத்திறன் தாராளம். உச்சப் பிரிவான அன்லிமிடெட் கனவு உள்ளவர் வேறு விமானம் பார்க்கட்டும்.

வீட்டில் கட்டியது ஆபத்து என்பது அடுத்தது. கட்டியவர் யார் என்பதைவிட, இப்போது உள்ளே என்ன நிலை என்பதே கேள்வி. இறக்கைத் துணிக்கு அடியில் இருக்கும் மரச் சட்டத்தில் போல்ட் துளைகளைச் சுற்றி வெடிப்பு உண்டா, வால்பக்கக் கீழ்க்குழாய்களில் துரு ஏறியிருக்கிறதா, எந்தெந்த வித்தைகள் சோதனைப் பறப்பில் செய்யப்பட்டுப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். கார்புரேட்டரையும் கவனியுங்கள்: சாதாரண மிதவை வகையாக இருந்தால் தலைகீழாகப் பறக்கையில் எஞ்சின் அடங்கிவிடும்.

செலவு பற்றிய பயமோ வீண். ஒரு புதிய காரின் விலைக்குள் பெரும்பாலும் எஸ்-1சி அகப்படும். சிறிய எஞ்சின் குறைவாகக் குடிக்கும். சுழல்விசிறியின் கோணம் மாறாதது என்பதால் கவர்னர் பராமரிப்பும் கிடையாது.

ஒற்றை இருக்கையில் சொல்லிக்கொடுக்க ஆள் உட்கார முடியாது என்பதில் மட்டும் நியாயம் இருக்கிறது. ஏனென்றால் இதை இறக்குவது எளிதல்ல: தரையிறங்கும்போது மூக்கு நிமிர்ந்து ஓடுபாதையை மறைக்கும். ஓரக்கண்ணால் விளிம்புகளைப் பார்த்தே இறங்க வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் வால்சக்கர விமானம் சுற்றிவிடும். இதற்கு மருந்து, இரண்டு இருக்கை பிட்ஸ் எஸ்-2-வில் பயிற்சியாளருடன் இறங்கிப் பழகுவது. பயிற்சிக்கு ஆகும் பணத்தையும் விமானத்தின் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

வாங்குமுன் பிட்ஸ் தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போங்கள். பரிசோதனை மூடிகளைத் திறக்க விற்பவர் மறுத்தால், விலை எவ்வளவு இறங்கினாலும் அந்த விமானம் வேண்டாம்.