நாற்பதில் அணிந்த சீருடை



ஒரு கிராமத்தில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து புறப்படும் நேரம், ஓர் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். போரில் கணவரை இழந்து மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவர்.

"பிள்ளை, பக்கத்து வீட்டுப் பெட்டை ராவில அடி வாங்கிக் கத்துறாள். பொலிசுக்குத் தனியப் போகப் பயப்பிடுறாள். கூடப் போகலாம் எண்டு பாத்தால், எனக்கு நாப்பத்திரண்டு வயசு. எட்டாம் வகுப்போட நிண்டனான். நான் போய் என்னத்தைக் கதைக்கிறது?" என்றார்.

அவருக்கு நான் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன். இங்கிலாந்தில் நடந்த கதைதான். ஆனாலும் அது எங்களுக்கு அந்நியமானதல்ல.

முதலாம் உலகப் போர் தொடங்கி, 1914 ஆகஸ்டில் ஜேர்மன் படைகள் பெல்ஜியத்துக்குள் புகுந்தன. இலட்சக்கணக்கான மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களில் பெருந்தொகையானோர் கடல் கடந்து இங்கிலாந்துக்கு அகதிகளாக வந்தனர். இலண்டன் புகையிரத நிலையங்களில் வந்து இறங்கிய பெண்களுக்குப் பாஷை தெரியாது, போக இடமும் தெரியாது. உதவுவது போல நடித்து அவர்களை அழைத்துச் சென்று, பாலியல் தொழிலில் தள்ளும் கூட்டத்தினர் அங்கே காத்திருந்தனர்.

அகதிகளை வரவேற்கப் போன மார்கரெட் டேமர் டோசன் என்ற பெண்மணி இதனைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 41. பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிக் கைதானவரான நீனா பொய்லுக்கு வயது 48. இருவரும் சேர்ந்து 'பெண் பொலிஸ் தொண்டர்கள்' என்ற அணியை உருவாக்கினார்கள். சம்பளம் கிடையாது, கைது செய்யும் அதிகாரமும் கிடையாது. சீருடை அணிந்து புகையிரத நிலையங்களிலும் வீதிகளிலும் நின்று, தனித்து வரும் பெண்களுக்குத் துணையாக இருந்தார்கள்.

அந்த அணியின் வழியில் வந்தவர்தான் ஈடித் சிமித். நான்கு பிள்ளைகளின் தாய், விதவை, மருத்துவிச்சியாக வேலை செய்தவர். பெரிய இராணுவ முகாமொன்றின் அருகில் இருந்த கிரந்தம் நகரில், 1915 இல், முப்பதுகளின் பிற்பகுதியில், கைது செய்யும் முழு அதிகாரம் பெற்ற இங்கிலாந்தின் முதற் பெண் பொலிஸ் உத்தியோகத்தரானார். வாரத்தில் ஏழு நாளும் ஓய்வில்லாமல் உழைத்து உடல்நலம் கெட்டு, 1918 இல் விலகினார். பிறருக்காக உழைக்கும் நாங்கள் எங்கள் உடம்பையும் பார்க்க வேண்டும் என்பதை அவரது வாழ்க்கை காட்டுகிறது.

இந்தக் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. அதே கிரந்தம் நகரில், இராணுவ அதிகாரி ஒருவர் பெண்கள் இரவில் வெளியே வரக்கூடாது என ஊரடங்கு விதித்தார். படையினர் பலர் வந்து குவிந்த ஊரில் பெண்கள்தான் வீட்டுக்குள் இருக்க வேண்டியதாயிற்று. அந்த ஊரடங்கை நடைமுறைப்படுத்தத் தொண்டர் பெண்களும் உதவினார்கள். பெண்களைக் காக்க வந்தவர்கள் பெண்களைக் கட்டுப்படுத்துவதா என்று நீனா பொய்ல் எதிர்த்தார். 1915 இன் தொடக்கத்தில் அணி இரண்டாகப் பிரிந்தது. பெரும்பாலானோர் டேமர் டோசனின் பக்கம் சென்றனர்.

ஊரடங்கு என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இன்று நாங்களே அடுத்த பெண்ணுக்கு ஊரடங்கு போடுகிறோமா என்பதை யோசிக்க வேண்டும். அடிபட்டு வருபவளிடம் "நீ ஏன் வாய் காட்டினாய்?", "இருட்டின பிறகு ஏன் வெளிக்கிட்டாய்?" என்றுதானே முதலில் கேட்கிறோம்!

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இன்றைக்கும் சம்பளமின்றி, முழுப் பொலிஸ் அதிகாரத்துடன் சேவை செய்யும் விசேட கொன்ஸ்தாபல்கள் உள்ளனர். 18 வயது நிரம்பியவர்கள் விண்ணப்பிக்கலாம். வேறு தொழில் செய்து கொண்டே, நடுவயதிலும் பலர் சேர்கிறார்கள்.

எங்கள் அக்கா செய்ய நினைத்ததற்குச் சீருடை தேவையில்லை. சில விடயங்களைத் தெரிந்து வைத்திருந்தால் போதும். பொலிஸ் நிலையத்தில் சிறுவர், மகளிர் பிரிவைக் கேளுங்கள். தமிழில் முறையிடுவது உங்கள் உரிமை. எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, விளங்கிய பின்பே கையொப்பம் இடுங்கள். முறைப்பாட்டின் இலக்கத்தையும் திகதியையும் குறித்துக் கொள்ளுங்கள். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். 1938 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனையும் பெறலாம்.

அடுத்த கிழமை அந்த அக்கா பக்கத்து வீட்டுப் பெண்ணுடன் போய் வந்தார். என்ன கதைத்தீர்கள் என்று கேட்டேன்.

"நான் ஒண்டும் பெரிசாக் கதைக்கேல்லப் பிள்ளை. அவளின்ர குழந்தையை மடியில வைச்சுக்கொண்டு பக்கத்தில இருந்தன். கையெழுத்துப் போடச் சொல்லேக்க மட்டும், ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ எண்டு கேட்டன். வாசிச்சவை. ஒரு இடத்தில திகதி பிழை, அதையும் திருத்திப் போட்டுத்தான் வந்தனாங்கள்."