எல்லைக்கல்லை நட்டவர்கள்



அவிசாவளையிலிருந்து எட்டியாந்தோட்டைக்குப் போகும் பஸ் சீதாவாக்கை ஆற்றைக் கடக்க அரை நிமிடம்கூட ஆகாது. அந்த ஆற்றை ஒட்டி மூன்று நூற்றாண்டுகள் சண்டை நடந்திருக்கிறது.

1521இல் கோட்டை மன்னன் விஜயபாகுவைக் கொன்ற மூன்று புதல்வர்களும் இராச்சியத்தைக் கூறு போட்டுக்கொண்டார்கள். கோட்டை புவனேகபாகுவுக்கு, றைகம இன்னொருவருக்கு, சீதாவாக்கை மாயாதுன்னைக்கு. மாயாதுன்னைக்கு எதிராகக் கோட்டைக்குத் துணையாகப் போர்த்துக்கீசர் வந்தார்கள். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை அந்நியப் படையெடுப்பாக மாறியது. மாயாதுன்னையின் மகன் முதலாம் இராஜசிங்கன் சைவனானான். அவன் கட்டத் தொடங்கி நிறைவுறாத பெரெண்டி கோயிலின் கல்வேலைப்பாட்டை ஆற்றங்கரையில் இன்றும் பார்க்கலாம்.

1590களில் சீதாவாக்கை வீழ்ந்தபின் கீழ்நாடு ஐரோப்பியர் கையிலும் மலைநாடு கண்டியிடமும் இருந்தன. இடையில் அகப்பட்டது கேகாலையும் இரத்தினபுரியும் அடங்கிய சப்ரகமுவ. கண்டிக்குள் போகும் வழிகளில் முட்கதவு போட்டுக் காவல் வைத்திருந்தார்கள். கடந்து போகக் களிமண்ணில் பதித்த முத்திரை வேண்டும் என்றும், ஆளின் தொழிலுக்கேற்ப அதில் உருவம் மாறும் என்றும் அங்கே கைதியாக இருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் எழுதியிருக்கிறார். 1766இல் கண்டியோடு செய்த உடன்படிக்கையில், போர்த்துக்கீசருக்குப் பின் வந்த ஒல்லாந்தர் கரையோரம் முழுவதையும் எழுதி வாங்கிக்கொண்டதும், கண்டிக்குக் கடல் இல்லாமல் போயிற்று.

1814இல் சப்ரகமுவவின் திசாவையாக (மாகாணத் தலைவராக) இருந்த எகெலப்பொல, கண்டி மன்னனை எதிர்த்து எழுந்து, தோற்று, அப்போது கரையோரத்தை ஆண்ட ஆங்கிலேயரிடம் கொழும்பில் அடைக்கலம் புகுந்தார். அடுத்த ஜனவரியில் கண்டி ஆட்கள் எல்லையான சீதாவாக்கை ஆற்றைத் தாண்டி வந்து ஒரு வீட்டைக் கொளுத்தினார்கள் என்று காரணம் காட்டி, ஆளுநர் பிரவுன்றிக் 10ஆம் திகதி போர் அறிவித்தார். மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு வீட்டுக்காக ஓர் இராச்சியம் போனதாக நம்ப வேண்டாம். படை முன்னமே தயாராக இருந்தது, சாட்டுத்தான் குறைவாக இருந்தது.

இராச்சிய எல்லை அழிந்தது. ஆனால் பிரித்து வைக்கும் வேலை நின்றுவிடவில்லை. உறுதிப்பத்திரம் காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாகக் கொள்ள 1840ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. அத்தகைய நிலங்களில் தோட்டங்கள் எழுந்தன. கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் தேயிலையோடு இறப்பரும் பரவியது. ஒரு பக்கம் நிலம் போன நாட்டுப்புறத்தார், மறுபக்கம் நிலமே இல்லாமல் லயம் என்ற வரிசை வீடுகளில் குடிவைக்கப்பட்ட, தோட்டத் தொழிலாளரான நம் முன்னோர். நடுவே நின்ற எல்லைக்கல் இருவரில் எவரும் நட்டதல்ல.

1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மையர் தோட்டத்தைக் கிராம விரிவாக்கத்துக்காக அரசு எடுத்தது. அங்கு வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரை வெளியேறச் சொன்னது. அவர்கள் மறுத்தார்கள், வழக்கு வந்தது, ஆதரவாகப் பல தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. நிலம் கேட்ட கிராமத்தவரின் குறை மெய்யானது. ஆனால் அதைத் தீர்க்கும் விலையைக் கொடுத்தவர் தோட்டத் துரை அல்லர், லயத்து ஆள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவருள் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1977இலும் 1981இலும் நடந்த கலவரங்களில் சப்ரகமுவவின் லயங்கள் எரிந்தன. வடக்கே போய்க் குடியேறியவர்கள் பலர்.

இந்த இதழில் இதையெல்லாம் நினைவூட்டுவது பழைய புண்ணைக் கிளற அல்ல. எல்லைக்கு அப்பால் இருப்பவரைப் பகையாளியாகக் காட்டுவது ஆள்வோருக்கு எப்போதும் சுலபம். கோடு கிழித்தவர் யார், அதனால் ஆதாயம் அடைந்தவர் யார் என்று இரு பக்கத்தாரும் சேர்ந்து கேட்டால் அந்தச் சுலபம் குறையும்.

உங்கள் தோட்டமும் பக்கத்துக் கிராமமும் தண்ணீருக்கோ பாதைக்கோ சண்டையிட்ட கதை இருந்தால் எழுதி அனுப்புங்கள். சமாதானமான கதை இருந்தால் அதையும் கட்டாயம் எழுதுங்கள். கலவர நாளில் கிராமத்து வீட்டில் ஒளித்துவைத்துச் சோறு போட்டவர்களைப் பற்றி மூத்தவர்களிடம் கேளுங்கள். பெயர் வெளியிட விரும்பாதவர்களின் பெயரை மறைத்தே பிரசுரிப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்