நோயாளி அல்லாதார்க்கும் ஒரு வாசல்

2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் இறுதி நாட்களிலே, இந்நாட்டின் அரசாங்க அலுவலகங்கள் பலவற்றில் ஒரே வேளையில் பிரியாவிடை வைபவங்கள் நடந்தேறின. அவ்வாண்டின் தொடக்கத்திலே 65 ஆக உயர்த்தப்பட்டிருந்த ஓய்வு வயது, இடைக்கால வரவுசெலவுத் திட்டத்தின் மூலம் 60 ஆகக் குறைக்கப்பட்டதன் விளைவு அது. இன்னும் சில ஆண்டுகள் உத்தியோகம் உண்டு என்று கணக்கிட்டிருந்த ஆயிரக்கணக்கானோர் நான்கு மாத அவகாசத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அரசாங்கத்துக்கு மிச்சம் எவ்வளவு, ஓய்வூதியச் சுமை எவ்வளவு, வெற்றிடங்களை நிரப்புவது எவ்வாறு என்பன பற்றிப் பத்திரிகைகளிலே வாதப் பிரதிவாதங்கள் நடந்தன. பொன்னாடை போர்த்தி, வாழ்த்துமடல் வாசித்து, குத்துவிளக்கும் கையுமாக அனுப்பப்பட்ட அம்மனிதர் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு என்ன செய்வார் என்பதைப் பற்றி எவரும் எழுதியதாக நான் காணவில்லை.

அவர் என்ன செய்தார் என்பதைப் பல வீடுகளிலே நான் கண்டிருக்கிறேன். குசினிக்குள் போய்ச் சீனிப் போத்தல் ஏன் இந்தத் தட்டில் இருக்கிறது என்று வினவினார். முப்பத்தைந்து ஆண்டுகள் தன் ஆட்சியிலே இருந்த இடத்துக்குள் ஒரு பரிசோதகர் புகுந்துவிட்டதை மனைவி சகிக்கவில்லை. ஒரு கூரையின் கீழ் அத்தனை காலம் வாழ்ந்த இருவர், பகற்பொழுதிலே ஒருவரையொருவர் அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்தனர். பிள்ளைகளோ மெல்பேணிலும் ரொறன்ரோவிலும் இருந்தார்கள். இதைக் கண்டு நகைத்துவிட்டுப் போகலாம். ஊரார் அப்படித்தான் போனார்கள். ஆனால் அந்த நகைப்பின் பின்னாலே தூக்கமின்மையும், காரணமற்ற நெஞ்சுநோவும், ஒரு மனிதனின் தன்மதிப்பு மெல்ல மெல்லக் கரைந்து போவதும் இருந்தன.

தோமஸ் ஹோம்ஸ், றிச்சேட் றாஹே என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் 1967ஆம் ஆண்டிலே ஓர் அட்டவணையை வெளியிட்டனர். மனித வாழ்வில் நேரும் மாற்றங்கள் 43ஐத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றும் மனிதனிடமிருந்து எவ்வளவு தாங்குசக்தியை வேண்டுகிறது என்று அவர்கள் புள்ளியிட்டார்கள். துணைவரின் மரணத்துக்கு 100 புள்ளி, மணவிலக்குக்கு 73, திருமணத்துக்கு 50, இளைப்பாறுதலுக்கு 45, பிள்ளை வீட்டைவிட்டுப் போவதற்கு 29. பிரிந்திருந்த தம்பதியர் மீண்டும் கூடுவதற்கும் 45 கொடுத்திருக்கிறார்கள். இதைக் கண்டு வியப்போர் உளர். அவ்வாறு கூடி வாழ்ந்து பார்த்தோர் வியக்கமாட்டார்கள். துயரத்தைத் தராசிலிட்டு நிறுப்பது முரட்டு முறையே. எனினும் அவ்வட்டவணை கூறிய ஒரு செய்தி இன்றும் நிற்கின்றது: நாம் நாதஸ்வரம் வைத்துக் கொண்டாடும் மாற்றமும் மனத்துக்கு ஒரு பாரமே. மூத்தவளுக்குச் சீதனவீடு கட்டி முடிப்பது, ‘ஸ்பொன்சர்’ விசாவுக்காக மணமகள் மூன்று ஆண்டுகள் தாய்வீட்டிலே காத்திருப்பது என்பனவற்றுக்கு எத்தனை புள்ளி என்று அந்த மருத்துவர்கள் கூறவில்லை. அவர்கள் எங்கள் ஊரைக் கண்டவர்கள் அல்லர்.

இவ்வாறான பாரங்களோடு ஒருவர் எங்கே போவது? ‘உளவளத்துணை’ என்ற சொல் இன்று நமக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்திலே ‘சீர்மியம்’ என்ற அழகிய சொல்லையும் அதற்கு வழங்கினார்கள். ஆயினும் இச்சொற்கள் நம்மிடையே பரவிய வரலாற்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். 1974இல் ஜோன் டி மெல் அம்மையார் கொழும்பிலே தொடங்கிய ‘சுமித்திரயோ’, வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணத்தோடு தவிப்போருக்குச் செவிகொடுக்கப் பிறந்தது. யாழ்ப்பாணத்துச் ‘சாந்திகம்’ 1987இல் போரின் நடுவே தோன்றியது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரினால் உடைந்த உள்ளங்களைப் பற்றி ஆராய்ந்து 1998இல் நூலாக்கினார். 2004 டிசம்பர் 26ஆந் திகதிக் கடல்கோளின் பின்னர், உளவளத்துணை என்ற பெயரிலே பயிற்சிகளும் தொண்டர்களும் கரையோரமெங்கும் பெருகினர். இவற்றையெல்லாம் குறைகூறுவது என் நோக்கமன்று. அத்தொண்டு நடைபெறாதிருந்தால் இன்று நம்மிடையே எத்தனை பேர் இருக்கமாட்டார்கள் என்பதை எண்ணவே அச்சமாக இருக்கின்றது.

ஆனால் அதனால் ஓர் எண்ணம் நம்மவர் மனத்திலே வேரூன்றிவிட்டது. குண்டிலே உறவை இழந்தவர்க்கும் கடலிலே பிள்ளையைப் பறிகொடுத்தவர்க்கும் உரியது உளவளத்துணை. மனம் முற்றாகப் பேதலித்தவர்க்கு அங்கொடை இருக்கின்றது. அந்த ஊரின் பெயரே ஒரு வசையாகிப் பல தலைமுறைகளாகின்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சாதாரண மனிதர், அதாவது நம்மிற் பெரும்பாலோர், எந்த வாசலுக்கும் உரியவராகக் கருதப்படவில்லை. “உனக்கு என்ன குறை? ஆமிக்காரனா பிடித்துக்கொண்டு போனான்?” என்று ஒரு தாய் தன் மகளைக் கேட்டதை நானே கேட்டிருக்கிறேன். அந்த மகளின் குறை, இரண்டாவது முறையாகவும் அதே குணமுள்ள ஒருவரையே தான் விரும்பி, அதே விதமாகவே கைவிடப்பட்டது. அதைச் சொல்ல அவளுக்கு வாயெழவில்லை.

இப்படித் திரும்பத் திரும்ப நிகழ்வதை விதி என்பார் சிலர். செவ்வாய் தோஷம் என்பார் சிலர். மனோதத்துவ அறிஞர் வேறொன்று கூறுவர். தான் நினைவுகூராத ஒன்றை மனிதன் செயலிலே மீண்டும் மீண்டும் நடித்துக் காட்டுகிறான் என்று பிராய்ட் 1914இல் எழுதினார். குழந்தைப் பருவத்திலே தாய் தந்தையரோடு கொண்ட பிணைப்பு, பிற்காலத்து உறவுகளுக்கு ஒரு அச்சுப்போல அமைந்துவிடுகிறது என்பதை ஜோன் போல்பி என்னும் ஆங்கில மருத்துவர் 1969 முதல் வெளியிட்ட நூல்களிலே விரித்துரைத்தார்.

வெளிநாட்டு அறிஞரை விட்டுவிட்டு நம் வீட்டு முற்றத்துக்கே வருவோம். ‘கதைபேச்சில்லை’ என்று ஒரு வழக்கம் நம்மிடம் உண்டு. எல்லை வேலியிலே ஒரு கதியால் அரை முழம் தள்ளி நடப்பட்டதிலே தொடங்கும் அது. அண்ணனும் தம்பியும் இருபது ஆண்டுகள் முகம் பாரார். செத்தவீட்டிலேதான் பந்தலின் இரு மூலைகளில் இருந்து ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் நோக்குவர். அதே மௌனம் வீட்டுக்குள்ளும் நடைபெறும். “அப்பாவிட்டைச் சொல்லு, சாப்பாடு போட்டிருக்கெண்டு.” “அம்மாவிட்டைச் சொல்லு, எனக்குப் பசியில்லையெண்டு.” ஒரே அறையிலே நிற்கும் இருவருக்கிடையே ஏழு வயதுப் பிள்ளை தூது போகும். பெருங்குரல் இல்லை, அடியுதை இல்லை, அயலார் அறியார். ஆகவே அதை ஒரு துயரமென்றே எவரும் கணக்கிடுவதில்லை. கோபம் என்றால் பேசாமலிருப்பது, அன்பு என்றால் மறுபடியும் பேசத் தொடங்குவது என்று அந்தப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. அது வளர்ந்து, படித்து, பட்டம் பெற்று, நல்ல உத்தியோகத்திலே அமர்ந்து, தன் மனைவியோடு பதினொரு நாள் பேசாமலிருக்கும்போது, தான் எதையோ செய்வதாகவே எண்ணுவதில்லை; பொறுமையோடிருப்பதாகவே எண்ணுகிறது.

உளச்சிகிச்சை என்பது இவ்விடத்திலேதான் தொழிற்படுகின்றது. வாரத்துக்கு ஒருமுறை, ஏறத்தாழ ஐம்பது நிமிடம், ஒரே அறை, ஒரே மனிதர். அங்கே மருந்து இல்லை. மருந்தெழுதுவது மனநல வைத்தியரின் வேலை. புத்திமதியும் பெரும்பாலும் இல்லை. நம்மவர்க்கு ஏமாற்றம் தருவது இதுவே. பொறுத்துப் போ, விட்டுக்கொடு, பிள்ளைகளைப் பார் என்று ஏதேனும் சொல்வார் என எதிர்பார்த்துப் போனால், அவர் கேள்வி கேட்கிறார், செவிமடுக்கிறார். வந்தவர் இங்கேயும் தம் பழைய வழக்கத்தைக் காட்டாமல் இருக்கமாட்டார். ஏதோ ஒரு சொல்லிலே மனம் நொந்து, அடுத்த வாரம் வராமல் நின்றுவிடுவார். மீண்டும் வரும்போது அந்தத் துணையாளர் கோபிப்பதுமில்லை, தாமும் மௌனம் சாதிப்பதுமில்லை, “போன வாரம் என்ன நடந்தது என்று பேசுவோமா?” என்கிறார். தம் வாழ்நாளிலே அந்தக் கேள்வியை ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை. தகப்பனார் கேட்கவில்லை, மனைவி கேட்கத் துணியவில்லை. பல மாதங்களின் பின்னே ஒரு நாள், வாயடைத்துப் போகும் அந்தக் கணத்தை அவரே இனங்காண்கிறார். மாயம் எதுவும் நிகழவில்லை. பதினொரு நாள் மூன்று நாளாகிறது. அது சிறிய காரியமா?

முற்காலத்திலே இதெல்லாம் இருந்ததா என்று வினவுவோர்க்கு விடை கூறவேண்டும். இருந்தது. தாய்மாமன் இருந்தார், பெரியம்மா இருந்தா, கோயிற் குருக்களும், 1963இல் அப்பதவி ஒழிக்கப்படும் வரையில் விதானையாரும் இருந்தார்கள். இன்று அந்த மாமன் ஸ்காபரோவிலே பனி வழித்துக்கொண்டிருக்கிறார். இங்கே நள்ளிரவாகும்போதுதான் அவருக்கு மத்தியானம். 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்கென்று இத்தீவை விட்டுப் போனார்கள். மத்தியஸ்தம் செய்த உறவு சிதறிவிட்டது. அன்றி, அந்த மத்தியஸ்தத்தைப் பொற்காலமாக்கிப் பாடவும் நான் தயாரில்லை. மாமனுக்கு ஒரு பக்கம் இருந்தது. பெரியம்மாவுக்குக் குடும்ப மானம் இருந்தது. ‘அனுசரித்துப் போ’ என்ற தீர்ப்பு பெரும்பாலும் பெண்ணின் மீதே விழுந்தது.

வேறொரு ஆட்சேபமும் உண்டு; அதை நான் மதிக்கிறேன். வேலையின்மையும் கடனும் சீதனமும் மனிதரை வருத்தும்போது, குற்றத்தை அவர்தம் குழந்தைப் பருவத்திலே தேடுவது பசித்தவனுக்குத் தத்துவம் போதிப்பதாகும் என்பர். நியாயமே. சீதனத்தை எந்தத் துணையாளரும் பேசித் தீர்க்க முடியாது. அதுபோலவே, கணவனால் அடிபடும் பெண்ணிடம் உன் உறவு முறைகளை ஆராய்ந்து பார் என்று கூறுவது கொடுமை. அவளுக்கு முதலில் வேண்டியது 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் வழங்கக்கூடிய பாதுகாப்புக் கட்டளை. ஆயினும் ஒன்று கூறுவேன்: அடியும் கடனும் இல்லாத வீடுகளிலும் மனிதர் துன்புறுகின்றனர். அத்துன்பத்தைக் கேட்பதற்கு இந்நாட்டிலே நெடுங்காலமாக இருந்து வந்த இடம் நீதிமன்றம் ஒன்றே. நீதிமன்றமோ குற்றவாளியைத் தேடும். 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம், கற்பொழுக்கம் தவறல், வன்மத்தோடு கைவிடல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு என மூன்று காரணங்களையே மணவிலக்குக்கு வகுத்தது. இருவரும் நல்லவர், இருவராலும் சேர்ந்து வாழ முடியவில்லை என்பதற்கு அதிலே இடமில்லை. 1952ஆம் ஆண்டின் கண்டியச் சட்டம் இருவரின் சம்மதத்தோடும் பிரிய வழிவைத்தது; அவ்வழி கண்டியருக்கே உரியதாயிற்று. யார் பிழை என்று கேளாமல் என்ன நிகழ்கிறது என்று மட்டும் கேட்கும் ஓர் அறை எவ்வளவு அரியது என்பது இப்போது விளங்கும்.

இதனைச் செல்வந்தரின் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட இயலாமைக்கு ஒரு கணக்கும் உண்டு. 1995ஆம் ஆண்டளவிலே இந்நாட்டிலே இலட்சத்துக்கு ஏறக்குறைய 47 பேர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று அது. கொடிய கிருமிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டதால் அத்தொகை பெரிதும் வீழ்ந்தது. உலகம் இதை வியந்து பாராட்டுகின்றது, பாராட்டத்தக்கதே. ஆனால் வீழ்ச்சிக்கு முதன்மையான காரணம் நஞ்சு கைக்கெட்டாமற் போனமையே அன்றி, துயரம் நீங்கியமை அன்று. அத்தகைய முயற்சிகளில் ஈடுபட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டோரை ஆராய்ந்தவர்கள், அவர்களுட் பலரிடம் பெருநோய் எதையும் காணவில்லை. வீட்டிலே நடந்த ஒரு சண்டை, ஒரு காதற் பிரிவு, ஒரு சுடுசொல்: இவற்றையே கண்டார்கள். மேலே கூறிய அதே சாதாரணத் துயரங்கள்.

ஆதலால் வேண்டப்படுவது புதிய ஸ்தாபனம் அன்று. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் இருக்கின்றது. பிரதேச செயலகங்களிலே உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கின்றனர். பெரிய வைத்தியசாலைகளிலே கிளினிக்குகள் நடைபெறுகின்றன. குறை வேறிடத்திலே உள்ளது. தமிழிலே பேசித் துயர் கூறத்தக்க, முறையாகப் பயின்றவர்கள் மிகச் சிலர். சில வாரப் பயிற்சிச் சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டிவிட்டுக் காசு வாங்குவோரும் உளர். அவர்களையும் பயின்றவரையும் பிரித்தறியப் பொதுமக்களுக்கு வழியில்லை. சங்கீதம் கற்பிப்பவரின் தகைமையை விசாரிக்கும் நாம், மனத்தைத் திறந்து காட்டப் போகுமிடத்திலே வெட்கத்தால் எதையும் விசாரிப்பதில்லை. எங்கே கற்றீர், எத்தனை காலம் கற்றீர், உமக்கு மேற்பார்வை செய்பவர் யார், நான் சொல்வதை வேறு எவர் அறிவார் என்று முதல் நாளிலேயே கேட்பதற்கு வருவோர்க்கு முழு உரிமை உண்டு. நல்ல துணையாளர் அதனால் மனம் நோகமாட்டார்.

நான் சென்று பார்த்த ஒரு பிரதேச செயலகத்திலே, உளவளத்துணை உத்தியோகத்தரின் மேசை காணிப் பிரிவின் மேசைக்கும் ஓய்வூதியப் பிரிவின் மேசைக்கும் நடுவே இடப்பட்டிருந்தது. எதிரே ஒரு வாங்கு. அதிலே உறுதிக் கட்டோடு நால்வர் அமர்ந்திருந்தனர். அந்த உத்தியோகத்தர் இளம்பெண், பல்கலைக்கழகத்திலே பயின்றவர், பொறுமையோடு பேசினார். இம்மாதம் எத்தனை பேர் வந்தார்கள் என்று வினவினேன். பாடசாலைகளுக்குச் சென்று கருத்தரங்கு நடத்துவதாகவும், வீடுகளுக்குப் போவதாகவும், இந்த மேசையைத் தேடித் தாமாக வருவோர் அரிது என்றும் கூறினார். ஓர் அறை கேட்டு எழுதிய கடிதத்தின் பிரதியையும் கோவையிலிருந்து எடுத்துக் காட்டினார். அறை கிடைக்காவிட்டால் ஒரு பலகை மறைப்பாவது வேண்டும் என்று அதன் கீழே எழுதியிருந்தார்.