சாவி யார் மடியில்?

காசு கொடுத்துக் கணினி வாங்குகிறோம். அதை ஆட்டிவைக்கும் ஆணைத்தொகுதிக்குப் பெயர் இயங்குதளம். அதன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க நமக்கு உரிமை உண்டா? இல்லை என்கிறது, செய்து விற்ற கம்பெனி! பெட்டி நம் வீட்டில். சாவி அவர்கள் மடியில். இது வாணிபமா, வாடகைக் குடித்தனமா?

தோழர்களே, பூட்டே இல்லாத இயங்குதளமும் உண்டு. அதன் பெயர் டெபியன். 1993-ல் இயன் மர்டாக் என்ற அமெரிக்க மாணவர் தொடங்கிவைத்தார். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் வெளியிட்ட லினக்ஸ் அதன் இதயம். கட்டி வளர்ப்போர் பல நாட்டுத் தொண்டர்கள். எவரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம்.

'இலவசமா? ஓட்டை உடைசலாக இருக்கும்' என்று உதட்டைப் பிதுக்குவோர் உண்டு. 1997-ல் இத்தொண்டர்கள் ஊரறிய ஓர் ஒப்பந்தம் வெளியிட்டார்கள். குறைகளை மறைக்கமாட்டோம் என்பது அதில் ஒரு விதி. பழுதுப் பட்டியல் இன்றும் எவர் கண்ணுக்கும் திறந்தே கிடக்கிறது. எந்த முதலாளி தன் சரக்கின் சொத்தையை எழுதிக் கடைவாசலில் தொங்கவிட்டார்?

தலைவரும் உண்டு, ஆண்டுதோறும் தேர்தல். ஆனால், 'இதைச் செய்' என்று எந்தத் தொண்டரையும் கட்டாயப்படுத்த அவரால் முடியாது!

பழகச் சில நாள் பிடிக்கும்; அதையும் நாம் மறைக்கவில்லை. ஏற்றும்போது முதலில் மொழியைக் கேட்கும். பட்டியலில் தமிழும் இருக்கிறது.