ஐபிசிகிளீனை எடுத்தது சரிதான்

போஸ்ட்கிரெஸ் தெரிஞ்சவங்ககிட்ட ‘ஐபிசிகிளீன்’னு கேட்டுப் பாருங்க, பெரும்பாலும் முழிப்பாங்க. 2009-ல் வந்த 8.4 பதிப்பில் அதை நீக்கிட்டாங்க. சில இயங்குதளங்களில் மட்டும்தான் வேலை செய்யுது, இனி உங்க சிஸ்டத்தோட கருவிகளையே பயன்படுத்திக்கோங்க என்றார்கள். என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கு.

சர்வர் ஓடும்போது கர்னலிடம் ஷேர்டு மெமரியும் செமஃபோரும் வாங்கி வைக்கும். யாராவது ‘கில் மைனஸ் 9’ போட்டுச் சாகடித்தால் அவை அப்படியே தங்கிடும். ஐபிசிகிளீன் என்பது அதைத் துடைக்கும் சின்ன ஷெல் ஸ்கிரிப்ட். ஓட்டுபவரின் பெயரில் உள்ள எல்லாத்தையும் அழிக்கும். எது குப்பை, எது பக்கத்தில் ஓடிக்கிட்டிருக்கிற இன்னொரு சர்வரோடது என்று பார்க்காது. ஜூன் 12-க்கு முன்னாடி வாய்க்காலைத் தூர்வார வந்த ஜேசிபி, மதகையும் சேர்த்து அள்ளிக்கிட்டுப் போன மாதிரி.

இன்னும் மோசமானது இது. தாய் ப்ராசஸ் செத்தும் பிள்ளை ப்ராசஸ்கள் உயிரோடு இருக்கலாம். அப்போ அந்த மெமரித் துண்டு குப்பை இல்லை, காவல். “பழைய ஆட்கள் உள்ளே இருக்காங்க, புது சர்வரைத் தொடங்காதே” என்று தடுப்பதே அதுதான். அதை அழிச்சிட்டுத் தொடங்கினால் ஒரே டேட்டாவை ரெண்டு பேர் எழுதுவாங்க. டேட்டா நாசம். 9.3-க்குப் பிறகு (2013) பெரும்பாலான மெமரி எம்மேப்புக்குப் போயிடுச்சு. காவலுக்கான சின்னத் துண்டை மட்டும் பழைய முறையிலேயே விட்டுவைத்தார்கள். துடைக்கக் குப்பையே குறைஞ்சு போச்சு!

“ஓடுதுல்ல, இருந்துட்டுப் போகட்டுமே” என்பார்கள். பழசு என்பதற்காக நானும் எதையும் தூக்கச் சொல்லலை. கல்லணையைப் பக்கத்தில் வெச்சுக்கிட்டு அப்படிப் பேச முடியுமா? ஆனா முக்கொம்பு மேலணையும் ‘ஓடிக்கிட்டுத்தான்’ இருந்தது. 1830-களில் கட்டியது. 2018 ஆகஸ்ட்டில் கொள்ளிடப் பக்கம் ஒன்பது மதகுகள் உடைந்து போச்சு. நேற்று வரை ஓடியது என்பது நாளைக்கு ஓடும் என்பதற்குச் சாட்சி இல்லை.

இதை ஏன் இப்போ சொல்றேன்னா, எந்த லேப் சர்வரைத் திறந்தாலும் சீனியர்கள் விட்டுட்டுப் போன ஒரு கிளீனப் ஸ்கிரிப்ட் இருக்கும். எல்லா டீமுக்கும் ஒரே லாகின். ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின நாள் யாரோ ஒருத்தர் அதை ஓட்டினால், அடுத்த டீமோட நாலு மாச வேலை என்னாகும்?

சட்டுனு டெலிட் பண்ண வேண்டாம். தேவைப்படறவங்க வேற எங்கிருந்தாவது காப்பி பண்ணிக்கிட்டு வருவாங்க. உள்ளே இருப்பதை அழிச்சிட்டு, ஒரு செய்தியை மட்டும் அச்சிட வையுங்க: “ஐபிசிஎஸ் போட்டு என்அட்டாச் 0-ஆன்னு பார். 0 என்றால் அந்த ஒன்றை மட்டும் ஐபிசிஆர்எம்-ல் நீக்கு.” ஓட்டினவர் யூசர், தேதி, நேரம் ஒரு லாக் ஃபைலில் விழட்டும். ஒரு செமஸ்டர் கழிச்சு அந்த லாகைத் திறந்து பாருங்க.